புள்ளைங்களோட வெளிநாடு போறது: என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்கற கேள்விங்க

நாங்க பெங்களூர்ல ராமமூர்த்தி நகர் பக்கம் இருக்கோம், சொந்த ஊர் ஆம்பூர் பக்கம். பொண்ணு ஏழாவது, பையன் மூணாவது. பெரிய வசதி எல்லாம் இல்ல, சீட்டு போட்டு சேத்த காசுல ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எங்கயாவது போவோம், இதுவரைக்கும் சிங்கப்பூர் மலேசியா ஒரு தடவை, இலங்கை ஒரு தடவை, வியட்நாம் கம்போடியா ஒரு தடவை, அவ்ளோதான். ஆனா அபார்ட்மெண்ட் லிஃப்ட்ல, ஸ்கூல் வேன் வர்ற இடத்துல, ஊர்ல கல்யாண வீட்ல, எங்க பாத்தாலும் அதே கேள்விங்க. வாய் வலிக்குது, அதான் எழுதிட்டேன். கேட்டவங்க எப்படி கேட்டாங்களோ அப்படியே போட்டிருக்கேன்.

அக்கா, எத்தனை வயசுல கூட்டிட்டு போனா புள்ளைக்கு ஞாபகம் இருக்கும்? மூணு வயசுல போனா வேஸ்ட்டா?

மூணு மூணரை வயசுக்கு முன்னாடி நடந்தது பெரியவங்க ஆனப்புறம் பெரும்பாலும் யாருக்குமே ஞாபகம் இருக்காது, அது உங்க புள்ளை என் புள்ளைன்னு இல்ல, எல்லாருக்கும் அப்படித்தான். அதனால புள்ளைக்காகத்தான் போறோம்னு சொல்லிக்காதீங்க, உங்களுக்காக போங்க, தப்பில்ல. ரெண்டு வயசுக்குள்ள இருந்தா மடியில உக்கார வெச்சுக்கலாம், டிக்கெட் ரொம்ப கம்மி, ரெண்டு தாண்டிட்டா தனி சீட்டு.

என்னைக் கேட்டா ஏழுல இருந்து பன்னண்டு வரைக்கும் நல்ல வயசு. கேள்வி கேக்கும், நடக்கும், இன்னும் நம்ம மேல வெறுப்பு வரலை. என் பையன் சிங்கப்பூர் போனப்ப நாலு வயசு, அவனுக்கு இன்னைக்கும் ஞாபகம் இருக்கறது ஒரே ஒரு எஸ்கலேட்டர், அதுவும் நம்ம ஊர் மால்ல இருக்கறதை விட வேகமா போச்சுங்கறதுக்காக. பொண்ணுக்கு அப்ப எட்டு, அவ இன்னும் கதை கதையா சொல்றா.

சும்மா சொல்லாதீங்க, நிஜமா என்னதான் கத்துக்கறாங்க? ஐஸ்க்ரீம் சாப்ட்டு போட்டோ எடுத்துட்டு வர்றாங்க, அவ்ளோதானே?

நம்ம அவங்களை பார்சல் மாதிரி தூக்கிட்டு போனா அவ்ளோதான். சிங்கப்பூர்ல முதல் ரெண்டு நாள் நாங்களும் அப்படித்தான் பண்ணோம், டிக்கெட்டும் மேப்பும் காசும் எங்க கையில, புள்ளைங்க பின்னாடி இழுபட்டுட்டு வந்துச்சு, சாயந்தரம் கேட்டா "ஹோட்டல் ஸ்விம்மிங் பூல் நல்லா இருந்துச்சு"ங்கறாங்க. மூணாவது நாள் எனக்கு கால் வலி, எரிச்சல், பொண்ணு கையில மேப்பைக் குடுத்து "நீயே கூட்டிட்டு போ, எந்த மெட்ரோ லைன்ல ஏறணும் எங்க மாறணும் எல்லாம் நீயே பாரு"ன்னுட்டேன். தப்பான பக்கம் ஏறி ரெண்டு ஸ்டேஷன் போய் திரும்பி வந்தோம். அன்னைக்குத்தான் அவ ஊரை நிமிர்ந்து பாத்தா. அதுல இருந்து எங்க வீட்ல ஒரே ரூல், புள்ளைங்களுக்கு ஒரு வேலை குடுக்கணும். எந்த இடத்தைக் காட்டறோம்ங்கறதை விட என்ன வேலையைக் குடுக்கறோம்ங்கறதுலதான் எல்லாம் இருக்கு.

இன்னொண்ணு சொல்றேன். சிங்கப்பூர்ல ஹாக்கர் சென்டர்னு சொல்ற சாப்பாட்டுக் கடைக் கூட்டத்துல சாப்ட்ட தட்டை நம்மளே எடுத்துட்டு போய் வைக்கணும், 2021ல இருந்து வெக்கலைன்னா ஃபைன் கூட உண்டு. எங்களுக்குத் தெரியாது, எழுந்து வந்துட்டோம். பக்கத்து டேபிள் பாட்டி ஒருத்தங்க ஒண்ணும் சொல்லாம தட்டையும் எங்களையும் மாத்தி மாத்தி பாத்தாங்க. என் பொண்ணு முகம் சிவந்து போய் ஓடிப்போய் நாலு தட்டையும் எடுத்து வெச்சா. அதே விஷயத்தை நான் வீட்ல அஞ்சு வருஷமா கத்திட்டு இருந்தேன்.

சின்ன சின்ன கேள்வியும் வரும். காலைல ஏழு மணி ஆகப்போகுது, இன்னும் இருட்டா இருக்கேம்மா, ஏன்னு பொண்ணு கேட்டா. எனக்கும் தெரியல, அப்புறம் உக்காந்து பாத்தோம். சிங்கப்பூர் இருக்கற இடத்துக்கு அவங்க கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னாடி ஓடுது, மலேசியா மொத்தமும் ஒரே நேரத்துக்கு மாறினப்ப இவங்களும் சேந்து 1982 ஜனவரி 1ல இருந்து இன்னும் ஒரு அரை மணி முன்னாடி தள்ளி வெச்சுக்கிட்டாங்களாம். நேரம்ங்கறது சூரியன் வெக்கறது இல்ல, மனுஷங்க பேசி வெச்சுக்கறதுன்னு அவளுக்கு அன்னைக்கு புரிஞ்சுது. எனக்கும் அன்னைக்குத்தான் புரிஞ்சுது, சொல்லிக்க வெக்கம்தான்.

முதல் தடவை போறோம், எந்த நாடு போலாம்?

கிட்டத்துல இருக்கறது. பெங்களூர்ல இருந்து கொழும்பு ஒன்றரை மணி நேரம் சொச்சம், நேரம்கூட நம்ம நேரமேதான், புள்ளை தூக்கம் கெடாது. நம்ம வீட்ல இருந்து டின் ஃபேக்டரி, ஹெப்பால் தாண்டி தேவனஹள்ளி ஏர்போர்ட் போறதுக்கே சில நாள் அதைவிட ஜாஸ்தி ஆகுது. சிங்கப்பூர் நாலரை மணி நேரம், கோலாலம்பூர் கிட்டத்தட்ட அதே. ஐரோப்பா எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், குளிரும் செலவும் நடையும் சேந்து முதல் தடவையே புள்ளைங்களுக்கு பயணமே வெறுத்துடும்.

விசா ரூல் எல்லாம் அடிக்கடி மாறுது, பக்கத்து வீட்டுக்காரங்க போன வருஷம் போனாங்கன்னு நம்பாதீங்க, அந்தந்த நாட்டோட அரசாங்க சைட்ல பாத்துட்டு டிக்கெட் போடுங்க.

எங்க புள்ளைங்க தமிழ் பேசும், படிக்கத் தெரியாது. சிங்கப்பூர் மலேசியா போனா தமிழ் மேல ஆசை வந்துடும்னு சொல்றாங்களே, நிஜமா?

இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, கொஞ்சம் நீட்டி சொல்றேன். இங்க நம்ம புள்ளைங்க நிலைமை தெரியுமே, ஸ்கூல்ல இங்கிலீஷ், கன்னடம், ஹிந்தி, வீட்ல மட்டும் தமிழ். அதனால தமிழ்னா பாட்டிகிட்ட பேசற பாஷை, சமையல்கட்டு பாஷைன்னு அவங்க மனசுல ஒரு எண்ணம். என் பொண்ணு ஸ்கூல் வாசல்ல நான் தமிழ்ல கூப்ட்டா "அம்மா மெதுவா"ன்னு சொல்லிட்டு இருந்தா. அவ சிங்கப்பூர்ல ஒரு காசை எடுத்துப் பாத்தா, அதுல நாலு பாஷைல பேரு, ஒண்ணு "சிங்கப்பூர்"னு தமிழ்ல. அங்க நாலு ஆட்சி மொழி, மலாய், மாண்டரின், தமிழ், இங்கிலீஷ். கட்டடம் கட்டற இடத்துல தொங்கற போர்டுல "அபாயம்"னு இருக்கு. சீனாக்காரங்க, மலாய்க்காரங்க எல்லாரும் உக்காந்திருக்கற ரயில்ல தமிழ்ல அறிவிப்பு வருது. "அம்மா இது நம்ம எழுத்துதானே, என்ன போட்டிருக்கு?"ன்னு கேட்டா. நான் படிச்சுக் காட்டினேன். அம்மாவுக்குத் தெரிஞ்ச ஒண்ணு தனக்குத் தெரியலங்கறது அவளுக்கு அன்னைக்குத்தான் உறைச்சுது.

மலேசியால வேற மாதிரி. ஒரு கடையில உக்காந்ததும் பரிமாறற அண்ணன் "தண்ணி என்ன?"ன்னு கேட்டாரு. எங்க மாமியார் "சாதா தண்ணி போதும்பா"ன்னுட்டாங்க. அங்க தண்ணின்னா டீ, காபி, ஜூஸ் எல்லாத்துக்கும் பொதுவான வார்த்தை. யாழ்ப்பாணத்துல இன்னும் கூத்து, பேக்கரி போர்டுல "வெதுப்பகம்", ஆஸ்பத்திரிக்கு "வைத்தியசாலை", பேசறதுக்கு "கதைக்கிறது". என் பையன் ஒரு வாரம் "அம்மா நான் உங்களோட கதைக்கணும்"னுட்டே சுத்தினான். நம்ம வீட்ல பேசறதுதான் தமிழ், மத்தது தப்புத் தமிழ்னு இருந்த நினைப்பு, எனக்கும் சேத்துதான் சொல்றேன், கொஞ்சம் கழண்டுச்சு.

ஆனா போயிட்டு வந்தா தமிழ் வந்துடும்னு நினைக்காதீங்க. ஆசை வரும், அது ரெண்டு மாசம் தாங்கும், அதுக்குள்ள நீங்க அ ஆவன்னா ஆரம்பிக்கணும். நான் பத்து ரூபா நோட்டுல ஆரம்பிச்சேன். பின்னாடி பதினஞ்சு பாஷைல எழுதியிருக்கும்ல, மேல இருந்து நாலாவது கன்னடம், அது அவளுக்குத் தெரியும், பதிமூணாவது தமிழ். கன்னட "ப"வும் தமிழ் "ப"வும் பாத்துட்டு தானாவே ஒத்துப் பாக்க ஆரம்பிச்சா. இப்ப பஸ் போர்டு படிப்பா, பேப்பர் படிக்க திணறுவா. போதும் இப்போதைக்கு.

ஸ்கூல் லீவு போட்டு கூட்டிட்டு போலாமா? டிக்கெட் அப்பத்தானே சீப்பு?

பிரைமரில ஒரு நாலு நாள் தப்பில்ல, டீச்சர்கிட்ட முன்னாடியே உண்மையை சொல்லிடுங்க. காய்ச்சல்னு சொல்லிட்டு போகாதீங்க, புள்ளை முதல்ல கத்துக்கறது அந்தப் பொய்யாத்தான் இருக்கும், அதுவும் வந்த முதல் நாளே கிளாஸ்ல எல்லார்கிட்டயும் உளறிடும். பத்தாவது, பன்னண்டாவதுன்னா பரீட்சை எழுத 75 சதவீதம் அட்டென்டன்ஸ் வேணும், அப்ப விளையாட்டு வேண்டாம். எங்களுக்கு தசரா லீவுதான் ஒத்து வருது, ஏப்ரல், மே மாசத்துல விலையும் ஜாஸ்தி, போற ஊர்லயும் வெயிலு.

பாஸ்போர்ட்ல என்ன கவனிக்கணும்? ஏஜெண்ட் பாத்துப்பாரா?

பாத்துக்க மாட்டாரு. சின்னப் புள்ளைங்க பாஸ்போர்ட் அஞ்சு வருஷம்தான், பெரியவங்களுக்கு மாதிரி பத்து இல்ல, பதினஞ்சு வயசு தாண்டினாத்தான் பத்து வருஷம் கேக்க முடியும். போற தேதில இருந்து ஆறு மாசமாவது உயிரோட இருக்கணும்னு நிறைய நாடு கேக்குது. எங்க கதையைக் கேளுங்க. இலங்கைக்கு டிக்கெட், ஹோட்டல் எல்லாம் போட்டாச்சு, பத்து நாள் முன்னாடி பெட்டி அடுக்கறப்ப பொண்ணு பாஸ்போர்ட்டை எடுத்துப் பாக்கறேன், நாலே மாசம் பாக்கி. அஞ்சு வயசுல எடுத்தது, என் அண்ணன் இருக்கற துபாய்க்கு போறதுக்குன்னு எடுத்தோம், போகவே இல்ல, அது மறந்தே போச்சு. தத்கால்ல ரெண்டாயிரம் ரூபா கூட கட்டி, ரெண்டு நாள் ஆபீஸ் லீவு போட்டு, அப்பா அம்மா ரெண்டு பேரும் கையெழுத்து போட்ட படிவம் வேற, எப்படியோ கைக்கு வந்துச்சு.

இதுலயும் ஒரு பாடம் இருக்கு. இப்ப வீட்ல யார் பாஸ்போர்ட் எப்ப முடியுதுன்னு கேலண்டர்ல குறிச்சு வெக்கறது என் பொண்ணு வேலை.

அவரால வர முடியாது, நான் மட்டும் புள்ளைங்களோட போலாமா?

தாராளமா. நான் வியட்நாம் அப்படித்தான் போனேன், அவருக்கு லீவு கிடைக்கல. அப்பாகிட்ட இருந்து சம்மதக் கடிதம் ஒண்ணு, அவர் பாஸ்போர்ட் ஜெராக்ஸ், புள்ளைங்க பர்த் சர்ட்டிஃபிகேட், இதெல்லாம் கையில வெச்சுக்கோங்க. என்கிட்ட யாரும் கேக்கலை, ஆனா கேக்கறப்ப இல்லைன்னா நடுராத்திரி கவுண்டர்ல நின்னு அழணும்.

நாங்க சைவம், புள்ளைங்க தயிர் சாதம் இல்லாம இருக்காது. பட்டினி கிடந்துடுமோ?

சிங்கப்பூர், மலேசியா, இலங்கைல பிரச்சினையே இல்ல. வியட்நாம், தாய்லாந்துல கண்ணுக்குத் தெரியாம மீன் சாஸ் எல்லாத்துலயும் விழும், காய்கறி சூப்புன்னு சொல்லி குடுப்பாங்க, அதுலயும் இருக்கும். ஜப்பான்ல மீன் போட்ட ரசம் மாதிரி ஒரு தண்ணிதான் பாதி சமையலுக்கு அடிப்படைன்னு போயிட்டு வந்தவங்க சொல்றாங்க. ஒரு வார்த்தை கத்துக்கோங்க, வியட்நாம்ல சைவத்துக்கு "சாய்"னு சொல்வாங்க, கடை போர்டுலயே எழுதியிருக்கும். என் பையன் டீக்கடைன்னு நினைச்சு உள்ள ஓடினான். தாய்லாந்துல மஞ்சக் கொடில சிவப்பு எழுத்து போட்ட கடை சைவம்.

புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பருப்புப் பொடி, கொஞ்சம் நெய், இதோட வெறும் சாதம் வாங்கினா ஒரு வாரம் ஓட்டிடலாம். ஆனா மூணு வேளையும் அதையே குடுக்காதீங்க, அப்புறம் எதுக்கு அவ்ளோ தூரம். ஒரு நாளைக்கு ஒரு புதுசு, ஒரு வாய் போட்டுப் பாக்கணும், பிடிக்கலைன்னா துப்பிடலாம், எங்க வீட்டு ஒப்பந்தம் அது. வீட்ல காய்ன்னாலே முகம் திருப்பற பையன் அங்க தண்ணிக்கீரை வதக்கல் ரெண்டு தட்டு சாப்ட்டான்.

எங்க பையன் கணக்குல ரொம்ப வீக். ட்ரிப்ல ஏதாவது உதவுமா?

வியட்நாம் கூட்டிட்டு போங்க. அங்க ஒரு மில்லியன், அதாவது பத்து லட்சம் டோங், நம்ம காசுல மூவாயிரத்துச் சொச்சம்தான். ஐஞ்சு லட்சம் டோங் ஒரே நோட்டு. என் பையன் கையில ஒரு லட்சம் குடுத்து "இன்னைக்கு உன் செலவு இதுதான்"னேன், லட்சாதிபதி ஆயிட்டேன்னு குதிச்சான், ஒரு இளநியும் ஒரு கீ செயினும் வாங்கினதும் முக்கால்வாசி காலி. மூணு சைபரை அடிச்சுட்டு மூணே காலால பெருக்குன்னு அக்கா சொல்லிக் குடுத்தா, மூணாம் நாள் இவனே கடைக்காரம்மாகிட்ட பேரம் பேசறான். டியூஷன்ல சொல்லிக் குடுத்த அதே பெருக்கல்தான், இங்க தப்பா போட்டா இளநி போச்சு, அதான் வித்தியாசம்.

இதுவும் வேலை குடுக்கற கதைதான், ரெண்டாவது கேள்வில சொன்னது. காசு புள்ளை கையில இருக்கணும், தீந்தா தீந்ததுதான், நீங்க பரிதாபப்பட்டு இன்னும் குடுத்தா எல்லாம் போச்சு.

அத்தனை செலவு பண்ணி கூட்டிட்டு போனா கார்ல ஹோட்டல்ல மொபைலையே நோண்டுது, என்ன பண்றது?

முதல்ல நீங்க உங்க மொபைலை உள்ள வையுங்க. நான் சொல்றது போட்டோ எடுக்கறதையும் சேத்து.

மாமியார் கேக்கறாங்க: "ஊர்ல இருக்கற குலதெய்வம் கோயிலுக்கே வருஷத்துக்கு ஒரு தடவை கூட்டிட்டு வர வழியில்ல, இதுல புள்ளைங்களுக்கு வெளிநாடு ஒரு கேடா?"

இது என் மாமியாரே என்கிட்ட கேட்டது. அப்புறம் அவங்களையும் மலேசியாவுக்கு கூட்டிட்டு போனோம், பத்துமலை 272 படி நின்னு நின்னு ஏறினாங்க, கீழ இருக்கற 42.7 மீட்டர் முருகனை அண்ணாந்து பாத்து கன்னத்துல போட்டுக்கிட்டாங்க, அதோட கேள்வி நின்னு போச்சு. ஆனா அவங்க சொன்னது தப்பில்லைன்னு எனக்கு கம்போடியால அங்கோர்வாட் கோயில்லதான் தெரிஞ்சுது. அங்க பாற்கடல் கடையற சிற்பம் ஒரு சுவர் முழுக்க கிட்டத்தட்ட ஐம்பது மீட்டர் நீளம், ஒரு பக்கம் 92 அசுரர், இன்னொரு பக்கம் 88 தேவர், நடுவுல விஷ்ணு. எங்க கூட வந்த கூட்டத்துல பாதி பேர் ரெண்டு போட்டோ எடுத்துட்டு நகர்ந்துட்டாங்க. என் புள்ளைங்க நகரலை, ஏன்னா பாட்டி படுக்கறப்ப சொன்ன கதை அது. "பாம்பு வாய்ப் பக்கம் அசுரர்தானே இருக்கணும், பாட்டி சொன்னாங்களே"ன்னு போய் சரி பாக்குது. பையன் எண்ண ஆரம்பிச்சு நாப்பதுல விட்டுட்டான். எண்ணூறு தொள்ளாயிரம் வருஷம் முன்னாடி இவ்ளோ தூரத்துல இருந்தவங்களுக்கு நம்ம பாட்டி கதை எப்படி தெரிஞ்சுதுன்னு கேட்டான், நல்ல கேள்வி, பதில் சொல்ல ஒரு சாயந்தரம் ஆச்சு. பாட்டி கதை இல்லைன்னா அது வெறும் கல்லு.

அதனால ரெண்டும் வேணும். ஊருக்குப் போகாத புள்ளைக்கு வெளிநாட்ல ஒத்துப் பாக்க கையில ஒண்ணும் இருக்காது.

காசு இல்லைங்க. வெளிநாடு போகாம இதெல்லாம் புள்ளைக்கு கிடைக்காதா?

பாதிக்கு மேல கிடைக்கும். பெங்களூர்ல இருந்து மைசூர் தாண்டி குஷால்நகர் பக்கத்துல பைலகுப்பேன்னு ஊர், 1961ல இருந்து திபெத்காரங்க அங்க குடியிருக்காங்க. ஒரு நாள் பஸ்ல போயிட்டு வரலாம், வேற முகம், வேற சாப்பாடு, வேற எழுத்து, வேற கோயில், விசா வேண்டாம். சொந்த ஊரை விட்டுட்டு வந்தவங்க எப்படி இருக்காங்கன்னு எந்த வெளிநாடும் இதைவிட நல்லா சொல்லித் தராது.

அதுவும் வேண்டாமா, தொம்லூர் சொக்கநாத சுவாமி கோயிலுக்கு போங்க, பல நூறு வருஷம் பழைய தமிழ்க் கல்வெட்டு இருக்கு. பேகூர்ல நாகேஸ்வரர் கோயில்ல "பெங்களூரு"ங்கற பேரு வர்ற ஒன்பதாம் நூற்றாண்டு கன்னடக் கல்வெட்டு. நம்ம இருக்கற ஊர்ல யார் யார் எப்ப வந்தாங்கன்னு தெரிஞ்சுக்க டிக்கெட் செலவு மெட்ரோ கார்டுதான். கடன் வாங்கி, இஎம்ஐ போட்டு மட்டும் வெளிநாடு போகாதீங்க, அந்த டென்ஷன் புள்ளைக்கும் தெரியும்.

சிங்கப்பூர் பாத்துட்டு வந்ததுல இருந்து "சீ, நம்ம ஊர் குப்பை"ன்னு மூக்கைப் பிடிக்குது புள்ளை. இதுக்கா கூட்டிட்டு போனேன்?

எங்க வீட்லயும் ஆச்சு, ஏர்போர்ட் விட்டு வெளிய வந்த பத்து நிமிஷத்துல. திட்டாதீங்க, "நம்ம நாட்டை குறை சொல்லாதே"ன்னும் அடைக்காதீங்க, அது பாத்தது உண்மைதானே. ஏன் அப்படி, ஏன் இப்படின்னு கேக்க வையுங்க. எங்க வீட்ல தண்ணில ஆரம்பிச்சுது. 2024 கோடைல எங்க லேயவுட்டுக்கு தண்ணி லாரி வர்றதுக்கு நாங்க எப்படி அலைஞ்சோம்னு புள்ளைங்களுக்கு நல்லா ஞாபகம். "சிங்கப்பூர்ல ஆறே இல்லாத மாதிரி இருக்கு, அங்க மட்டும் எப்படி?"ன்னு பொண்ணு கேட்டா. தேடிப் பாத்தோம். அவங்களுக்கும் சொந்தத் தண்ணி பத்தாது, 1962ல போட்ட ஒப்பந்தத்துல மலேசியாவோட ஜோகூர்ல இருந்து வாங்கறாங்க, அது 2061 வரைக்கும். மழைத்தண்ணி பிடிக்கறாங்க, கடல் தண்ணியை உப்பெடுக்கறாங்க, சாக்கடைத் தண்ணியை சுத்தம் பண்ணி திரும்ப உபயோகிக்கறாங்க. நமக்கு காவிரி கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் தாண்டி, அரை கிலோமீட்டர் உயரம் மேல பம்ப் பண்ணி வருது. "அப்போ நம்ம குழாய்ல வர்றது அவ்ளோ கஷ்டப்பட்டு வருதா"ன்னா. குழாயை ஒழுங்கா மூடினாளான்னு கேக்காதீங்க, மூணு வாரம் மூடினா.

இன்னொண்ணு காட்டணும். அங்க அவ்ளோ சுத்தமா இருக்கறதுக்கு யாரோ வேலை செய்யறாங்க. ஞாயித்துக்கிழமை சாயந்தரம் லிட்டில் இந்தியா, சிராங்கூன் ரோடு பக்கம் போனா நம்ம ஊர்ப் பசங்க ஆயிரக்கணக்குல நிப்பாங்க, கட்டட வேலை, கப்பல் பட்டறை வேலை செய்யறவங்க. புல்தரையில உக்காந்திருந்த புதுக்கோட்டை தம்பி ஒருத்தர் எங்க பேச்சைக் கேட்டுட்டு "எந்த ஊருங்க அக்கா"ன்னு வந்தாரு. என் பையனைத் தூக்கி வெச்சுக்கிட்டு விடவே இல்ல. அவருக்கு அதே வயசுல பொண்ணாம், பொறந்தப்புறம் ஒரு தடவைதான் பாத்தாராம். ராத்திரி என் பொண்ணு "அந்த மாமாவுக்கு சிங்கப்பூர் பிடிக்குமாம்மா?"ன்னு கேட்டா. பிடிக்கும்னும் சொல்ல முடியல, பிடிக்காதுன்னும் சொல்ல முடியல.

போர் நடந்த இடம், கொடுமை நடந்த மியூசியம் எல்லாம் புள்ளைங்களுக்கு காட்டலாமா?

வயசு பாக்கணும். வியட்நாம்ல சைகோன்ல இருக்கற போர் மியூசியத்துக்கு நான் புள்ளைங்களை கூட்டிட்டு போகலை, நானே அங்க இருக்கற போட்டோக்களைப் பத்தி படிச்சுட்டு ரெண்டு நாள் தூங்கலை. பொண்ணு கேட்டா, "பதினஞ்சு வயசுல நீ போ"ன்னு சொன்னேன்.

யாழ்ப்பாணம் நூலகத்துக்கு மட்டும் கூட்டிட்டு போனேன். 1981ல எரிச்சாங்க, 97,000 புத்தகம் கிட்ட போச்சு, ஓலைச்சுவடி உள்பட. திரும்ப கட்டி இப்ப வெள்ளைவெளேர்னு நிக்குது, உள்ள புள்ளைங்க உக்காந்து படிக்குது. ரத்தம் இல்ல, பொணம் இல்ல, ஆனா என்ன போச்சுன்னு பத்து வயசுப் புள்ளைக்கு புரியும். "புத்தகத்தை ஏன் எரிக்கணும்?"னு கேட்டா. நானும் அவங்க அப்பாவும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். எங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொன்னோம், ஒரு ஜனத்தை எதிரின்னு சொல்லக் கூடாதுன்னு கவனமா சொன்னோம், ஏன்னா முதல் நாள் கண்டில பஸ் மாத்த வழி தெரியாம நின்னப்ப சிங்கள அம்மா ஒருத்தங்கதான் கையைப் பிடிச்சு ஏத்தி விட்டாங்க. அதையும் பொண்ணே ஞாபகப்படுத்தினா.

பெரிய பொண்ணு, பதினாலு வயசு. எங்க கூட வரவே மாட்டேங்கறா, ஃப்ரெண்ட்ஸ் கூடத்தான் போவாளாம்.

எனக்கு இன்னும் அந்த வயசு வரலை, வந்துட்டு இருக்கு. என் ஃப்ரெண்ட் ஒருத்தங்க பண்ணதை சொல்றேன், ஒரு நாள் முழுக்க அவ ப்ளான், எங்க போறது என்ன சாப்பிடறது எல்லாம் அவதான், அப்பா அம்மா வாயைத் திறக்கக் கூடாது. அவங்க பொண்ணு அந்த நாள் முழுக்க ஒரே துணிக்கடைத் தெருவுல சுத்த வெச்சுட்டா. இவங்க வாயைத் திறக்கலை. அடுத்த ட்ரிப்புக்கு அவளே தேதி கேட்டா.

வந்து ஒரு மாசத்துல எல்லாம் மறந்துடுதே, என்ன பண்ணா நிக்கும்?

டைரி எழுதச் சொன்னேன், ரெண்டு நாள் எழுதிச்சுங்க, மூணாவது நாள்ல இருந்து "சாப்பிட்டோம், தூங்கினோம்". விட்டுட்டேன். அதுக்கு பதிலா தினம் ராத்திரி ஊர்ல இருக்கற தாத்தாவுக்கு ஃபோன் போட்டு புள்ளைங்களே சொல்லணும்னு வெச்சோம். தாத்தா விட மாட்டாரு, "மழை பெய்யுதா, நெல்லு என்ன ரகம், மாடு எப்படி இருக்கு, பஸ் டிக்கெட் எவ்ளோ"ன்னு குடைவாரு. பதில் தெரியலைன்னா அடுத்த நாள் பாத்துட்டு சொல்லணும். ஒரு நாள் என் பையன் வியட்நாம்ல வயலோரம் நின்னு நடவு நடற அம்மாகிட்ட சைகையாலயே ஏதோ கேட்டுட்டு இருந்தான், என்னன்னு பாத்தா தாத்தாவுக்காக எத்தனை போகம்னு கேக்கறானாம். மூணு விரல் காட்டினாங்களாம். தாத்தா அதை ஊர் டீக்கடைல பத்து பேருக்கு சொல்லியாச்சு.

அடுத்து எங்க போறீங்க?

இந்த வருஷம் எங்கயும் இல்ல, வாஷிங் மெஷின் போச்சு, சீட்டும் இன்னும் எடுக்கலை. தசராவுக்கு ஊர்ல குலதெய்வம் கோயிலுக்கு போறோம், பையனுக்கு பஸ் டிக்கெட் எடுக்கற வேலை. ஆமா, உங்க புள்ளைங்க பாஸ்போர்ட் எப்ப முடியுதுன்னு இப்பவே எழுந்து போய் பாருங்க, பீரோல புடவைக்கு அடியில இருக்கும்.